பொது நூலகத்தின் மேல்மாடி மண்டபத்தை யாருக்கு, எந்த முறையில் வழங்குவது?

கேள்வி: மேல்மாடி வாசகர்

நுவரெலியா மாவட்டத்தின் சிறு நகரம் ஒன்றில் பிரதேச சபையின் கீழ் இயங்கும் பொது நூலகத்தின் வாசகர் வட்டத்துக்குக் கடந்த ஓராண்டாகச் செயலாளராக இருக்கிறேன். கீழ்த்தளத்தில் இரவல் பகுதியும் பத்திரிகைப் பகுதியும், மேல்மாடியில் அறுபது கதிரைகள் கொள்ளும் மண்டபமும் சிறுவர் பகுதியும் உள்ளன. எங்களுடைய சிக்கல் முழுவதும் அந்த மேல்மாடியில்தான் இருக்கிறது.

சனி, ஞாயிறு இரு நாட்களும் காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரை தனியார் வகுப்பு ஆசிரியர் ஒருவர் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறார். சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை உறுப்பினர்களே இல்லாதிருந்த காலத்தில், எழுத்தில் எதுவுமின்றி வாய்மொழி அனுமதியில் தொடங்கிய ஏற்பாடு இது. வாடகைப் பணம் மின்கட்டணத்துக்கே போதாது. ஆயினும் அவரை வெளியேற்றுங்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏனெனில் அங்கே அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் புலமைப்பரிசில் பரீட்சைக்கும் சாதாரண தரத்துக்கும் ஆயத்தமாகும் தோட்டத்துப் பிள்ளைகள். மறுபுறத்தில், தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஆறேழு பேருடன் வாழ்ந்துகொண்டு, மேசை, விளக்கு, அமைதி மூன்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் என்று நம்பி நான்கு மைல் நடந்து வரும் பிள்ளை, வகுப்பின் ஒலிபெருக்கிச் சத்தத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் திரும்பிப் போவதையும் பார்க்கிறேன்.

இரண்டாவது சிக்கல் கூட்டுமுயற்சிகள் பற்றியது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனம் நான்கு கணினிகளைத் தந்து, மண்டபத்தின் ஒரு மூலையை மறித்துத் தன் பெயர்ப்பலகையையும் மாட்டியது. திட்டக்காலம் முடிந்ததும் அலுவலர் போய்விட்டார். கடவுச்சொல்லும் அவருடனேயே போய்விட்டது. கணினிகள் உறை போர்த்தியபடி இருக்கின்றன, பெயர்ப்பலகை மட்டும் பளபளக்கிறது. இப்போது வேறொரு நிறுவனம் அதே மூலையைக் கேட்கிறது. ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வந்தால் பாடசாலைகள், ஆலயங்கள், சங்கங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் மண்டபத்தைக் கேட்கின்றன. மற்றப் பதினொரு மாதங்களும் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

புதிய சபையிடம் எழுத்தில் ஒரு விதிமுறையை முன்வைக்க விரும்புகிறோம். அதில் எதை முதலில் வைக்க வேண்டும்?

பதில்: ஓய்வுபெற்ற நூலகர், கண்டி

நான் பணியாற்றிய மூன்று நூலகங்களிலும் இதே மேல்மாடிச் சண்டை நடந்தது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மண்டபத்தை யாருக்குக் கொடுப்பது என்று தொடங்கினால் விதிமுறை விண்ணப்பதாரர்களின் பட்டியலாக முடிந்துவிடும். நூலகத்துக்கு மண்டபம் எந்த நேரங்களில் தேவை என்பதை முதலில் எழுதுங்கள். சிறுவர் வாசிப்பு, பரீட்சைக் காலத்துப் படிப்பு, வாசகர் வட்டக் கூட்டம் ஆகியவற்றுக்கான நேரங்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்துப் பூட்டிவிட்டு, எஞ்சியதை மட்டும் வெளியாருக்குத் திறந்துவிடுங்கள். இந்த வரிசை தலைகீழானதால்தான் உங்கள் ஞாயிற்றுக்கிழமை கைவிட்டுப் போனது.

கட்டணத்தை இரண்டு வகையாக்குவது போதும். நுழைவுப் பணமோ மாதப் பணமோ வாங்கி நடத்தப்படும் எதற்கும் முழுக்கட்டணம். எவரும் இலவசமாக வந்தமரக்கூடிய நிகழ்ச்சிக்குத் துப்புரவுக்கான சிறுதொகை மட்டும். இதற்கு மேல் வகைகளைப் பெருக்கினால் ஒவ்வொரு விண்ணப்பமும் தவிசாளரின் மேசையில் பேரம் பேசப்படும். கட்டணத்தைச் சபைத் தீர்மானமாகவும், பயன்பாட்டு நிபந்தனைகளை வர்த்தமானியில் வெளியாகும் துணைவிதியாகவும் கொண்டுவர வேண்டுமென்று வற்புறுத்துங்கள். காலம் எடுக்கும், ஆனால் தவிசாளர் மாறினாலும் செயலாளர் இடமாற்றம் பெற்றாலும் அது நிற்கும். வாய்மொழி அனுமதி எப்படி வேரூன்றும் என்பதை நீங்களே கண்டிருக்கிறீர்கள்.

வகுப்பு ஆசிரியரை ஒரே நாளில் அகற்ற வேண்டியதில்லை. ஒருவரோ ஓர் அமைப்போ தொடர்ச்சியாக மூன்று மாதங்களுக்கு மேல் ஒரே நேரத்தை வைத்திருக்க முடியாது என்றும், ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை என்றும் இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துவிட்டு, வார இறுதியில் வெறுமையாகக் கிடக்கும் பாடசாலை வகுப்பறை ஒன்றைப் பெற்றுக்கொள்ள வலயக் கல்விப் பணிமனையுடன் அவர் பேசுவதற்கு வாசகர் வட்டமே துணை நிற்கலாம். யுனெஸ்கோவும் சர்வதேச நூலகச் சங்கங்களின் சம்மேளனமும் 1994இல் வெளியிட்டு 2022இல் புதுப்பித்த பொது நூலகப் பிரகடனம், நூலகச் சேவைகள் வணிக அழுத்தங்களுக்கு உட்படலாகாது என்கிறது. மாதப் பணம் கட்ட முடியாத பிள்ளை, தன் நூலகத்தின் மேல்மாடிக்கு ஏற முடியாமல் படிக்கட்டில் நிற்பது அத்தகைய அழுத்தம்தான்.

கூட்டுமுயற்சிகளைப் பொறுத்தவரை, எவ்வளவு நல்ல நிறுவனமானாலும் புரிந்துணர்வு ஒப்பந்தம் இல்லாமல் ஓர் ஆணியைக்கூட அடிக்க விடாதீர்கள். ஒரு பக்கம் போதும். யார் என்ன தருகிறார், பழுதானால் யார் திருத்துவது, கடவுச்சொல்லும் பொருட்பதிவும் நூலகரிடம் எப்போது ஒப்படைக்கப்படும், பெயர்ப்பலகை எந்த அளவில் எந்தத் திகதி வரை இருக்கும், திட்டம் முடிந்த மறுநாள் அந்த மூலை யாருக்குச் சொந்தம் ஆகியவற்றை அதில் எழுதிச் சபையின் செயலாளரும் கையொப்பமிட வேண்டும். புத்தக அன்பளிப்புக்கும் இதே கண்டிப்பு வேண்டும். வேண்டாதவற்றை மறுக்கும் உரிமை நூலகருக்கு உண்டு என்று எழுதிவிடுங்கள். ஒருமுறை எனக்கு வந்த பெட்டிகளில் பாதி, கைவிடப்பட்ட பாடத்திட்டத்தின் வணிகக் கல்வி வழிகாட்டிகள்.

இன்னொன்று, திரைப்படம் காட்டும் ஆசை ஒக்டோபரில் எல்லோருக்கும் வரும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், பதிப்புரிமையுள்ள படத்தைப் பொதுமக்களுக்குத் திரையிட உரிமையாளரின் அனுமதி தேவை. கட்டணம் வாங்கவில்லை என்பது மட்டும் அதற்குச் சமாதானமாகாது.

பதில்: தோட்டப் பாடசாலை ஆசிரியை

ஐயா சொன்ன ஒழுங்குமுறையை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நாட்காட்டியை யாருடைய நாளை வைத்து வரைவது என்பதை நீங்கள் இருவரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் மலையிலிருந்து இறங்கி, கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, வீடு சேரும்போது நூலகம் மூடும் நேரமாகிவிடும். பௌர்ணமி விடுமுறையில் நூலகமும் விடுமுறை. அவர்களுக்கு உண்மையாகக் கிடைப்பது ஞாயிறு ஒன்றே; அந்த ஞாயிற்றைத்தான் நீங்கள் வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள்.

சம்பளம் போட்டதை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் தாய்மார் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு நகரத்துக்கு வருவார்கள். கடைவீதியில் சாமான் வாங்கி முடிக்கும் இரண்டு மணி நேரத்துக்குப் பிள்ளைகளை விட்டுச் செல்ல ஓர் இடம் இருந்தால் அவர்கள் நிச்சயமாக விடுவார்கள். பக்கத்து நகரத்து நூலகத்தில் நானும் இன்னோர் ஆசிரியையும் அந்த இரண்டு மணி நேரத்தைக் கதை நேரமாக்கினோம். முதல் மாதம் ஏழு பிள்ளைகள் வந்தார்கள். நான்காம் மாதம் பாயில் இடம் போதவில்லை. பிள்ளைகளை அழைத்துப் போக வந்த தாய்மாரில் சிலர் வாசலிலேயே நின்று கதையின் மீதியைக் கேட்டார்கள். அந்த நாளைக் கடைப்பிடித்ததைத் தவிர நாங்கள் வேறு வித்தை எதுவும் செய்யவில்லை. கடைசி பஸ் ஐந்தரைக்குப் போய்விடும் ஊரில் மாலை நிகழ்ச்சி வைத்துவிட்டு, மக்களுக்கு வாசிப்பில் ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதுவோரைப் பார்த்திருக்கிறேன்.

அங்கத்துவத்தையும் கவனியுங்கள். பிணை நிற்பதற்குச் சபைக்கு வரி செலுத்துபவர் ஒருவர் வேண்டுமென்ற நிபந்தனை உங்கள் நூலகத்தில் இருந்தால், சொந்த வீட்டுரிமை இல்லாத லயத்துக் குடும்பம் யாரிடம் போய்க் கேட்கும்? பாடசாலை அதிபரின் உறுதிப்படுத்தலையோ கிராம உத்தியோகத்தரின் சான்றையோ ஏற்கச் செய்யுங்கள். தோட்டத்துக்குச் சேவை செய்யச் சட்டம் இடம் தராது என்று எவரேனும் பழைய பல்லவியைப் பாடினால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

நூலகத்துக்கு வர இயலாதோருக்கு நூலகம் போவதும் புதிய சங்கதியன்று. சீர்காழிக்காரரான ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்ட 1931ஆம் ஆண்டிலேயே, மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகச் சென்ற நூலகத்தை அவரே தொடக்கிவைத்தார். எங்களுக்கு வண்டி வேண்டாம். மாதம் ஒருமுறை தோட்டத்துச் சிறுவர் நிலையத்தில் வைத்துவிட்டு மாற்றிக்கொள்ள ஐம்பது புத்தகங்கள் கொண்ட ஒரு தகரப் பெட்டி போதும். தோட்ட நிர்வாகத்துடன் செய்யும் கூட்டுமுயற்சிக்கு அதைவிட எளிய தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

பதில்: பச்சைமலை

ஒரு விடயத்தில் எச்சரிக்கை தேவை. கட்சியும் தொழிற்சங்கமும் ஒன்றாகவே இயங்கும் மலையகத்தில் மண்டபத்தைப் பொதுவாகத் திறந்துவிட்டால் அடுத்த மாதமே அங்கே கொடி ஏறும். அரசியல், தொழிற்சங்கம், சமயம் மூன்றையும் முழுமையாகத் தடைசெய்வதே பாதுகாப்பானது.

பதில்: ஓய்வுபெற்ற நூலகர், கண்டி

அச்சம் நியாயமானது, தடையோ மிகையானது. ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தை நிரப்புவது எப்படி என்று தொழிலாளருக்கு விளக்கும் கூட்டத்தைத் தொழிற்சங்கம் நடத்துகிறது என்பதற்காகத் தடுப்பீர்களா? அமெரிக்க நூலகச் சங்கத்தின் நூலக உரிமைகள் சாசனம், கூட்ட அறைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நூலகம், கேட்பவரின் நம்பிக்கையையோ சார்பையோ பாராமல் எல்லோருக்கும் சமமாக வழங்க வேண்டும் என்கிறது. அந்த நாட்டின் நிலைமை வேறு. எனினும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு மற்றவருக்கு மறுப்பதுதான் நூலகத்தின் பெயரைக் கெடுக்கும் என்பது இங்கும் பொருந்தும்.

நான் கடைப்பிடித்த முறை இதுதான். கூட்டம் எவருக்கும் திறந்ததாக இருக்க வேண்டும், கொடியும் வேட்பாளர் படமும் உள்ளே வரக் கூடாது, பணம் சேர்க்கக் கூடாது, தேர்தல் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து முடிவு வெளியாகும் வரை எந்தக் கட்சிக்கும் மண்டபம் இல்லை. கோவில், விகாரை, பள்ளிவாசல் ஆகிய மூன்றுக்கும் இதே நான்கு நிபந்தனைகள்தான். முன்பதிவு நாட்காட்டியைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுவேன். யார் எந்த நாளை எடுத்திருக்கிறார் என்பது கண்ணுக்கு முன்னால் தொங்கும்போது, சிபாரிசுக் கடிதத்துடன் வருவோரின் தொகை தானாகவே குறைந்துவிடுகிறது.

பதில்: மேல்மாடி வாசகர்

மூவருக்கும் நன்றி. சம்பள ஞாயிற்றை முதலில் நாட்காட்டியில் பூட்டிவிட்டு, வகுப்பு ஆசிரியருடன் மூன்று மாத அவகாசம் பற்றிப் பேசப் போகிறோம். கணினி மூலையைக் கேட்கும் நிறுவனத்துக்கு ஒரு பக்க ஒப்பந்தத்தின் வரைவை அனுப்பிவிட்டேன்; ஒரு வாரமாகப் பதிலில்லை, அதுவும் ஒரு பதிலாகத்தான் படுகிறது.

அந்த மூலையைப் பற்றி எனக்கு வேறோர் எண்ணமும் உண்டு. எங்கள் ஊர்க் குடும்பங்களிடம் பழைய சம்பளச் சீட்டுகளும், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் காலத்துப் பிரஜாவுரிமை விண்ணப்பக் கடிதங்களும், இந்தியாவுக்குப் போன உறவினர் எழுதிய கடிதங்களும் தகரப் பெட்டிகளில் ஈரம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. காமன் கூத்துப் பாட்டுகளை முழுமையாகப் பாடத் தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். இவற்றைப் பிரதியெடுத்தும் ஒலிப்பதிவு செய்தும் வைக்கும் இடமாக அந்த மூலையை மாற்றலாமா? அத்துடன், ஞாயிற்றுக்கிழமை நூலகப் பணியாளருக்கு விடுமுறை. வாசகர் வட்டமே சாவியை வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: ஓய்வுபெற்ற நூலகர், கண்டி

மூலையை அப்படியே செய்யுங்கள். மூலப் பத்திரத்தை ஒரு நாள்கூட வைத்திருக்காமல், உரியவரின் கண்முன்னே படமெடுத்து அன்றே திருப்பிக் கொடுங்கள். பொதுவில் காட்ட அனுமதி தருகிறாரா என்பதைக் கையொப்பத்துடன் எழுதி வாங்குங்கள், ஏனெனில் பிரஜாவுரிமைக் கடிதங்களில் உயிரோடிருப்போரின் விவரங்கள் இருக்கும். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனத்துடன் தொடர்புகொண்டால், கோப்புகளுக்குப் பெயரிடுவது முதல் நீங்களே புதிதாகக் கண்டுபிடிக்கும் சிரமம் குறையும்.

சாவியை மட்டும் வாங்காதீர்கள். ஞாயிறு திறந்து வாரநாள் ஒன்றில் மூடும் வகையில் விடுமுறையை மாற்றவோ, மேலதிக நேரக் கொடுப்பனவுடன் ஒருவரை அமர்த்தவோ சபையிடம் கேளுங்கள். நான் ஒருமுறை நம்பிக்கையின்பேரில் சாவியைக் கொடுத்தேன். யன்னலை மூட மறந்துவிட்டார்கள். இரவு பெய்த மழையில் கலைக்களஞ்சியத்தின் மூன்று தொகுதிகள் ஊறிப்போயின. பொருட்பதிவில் அவற்றுக்குப் பொறுப்பாளர் நான் என்பதால், ஓய்வுபெறும் வரை கணக்காய்வுக்கு அந்த யன்னலின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.