ஐந்தாண்டுத் திட்டத்துக்கு ஊழியர் கருத்தை எப்படி எடுப்பது?

கேள்வி (திட்டமிடல் பிரிவு, கொழும்பு 7)
திணைக்களத்தின் மூலோபாயத் திட்டத்தைப் புதுப்பிக்கிறோம். எல்லோரையும் மண்டபத்தில் கூட்டினால் பணிப்பாளர் முன்னால் யாரும் வாய் திறப்பதில்லை. ஆலோசனைப் பெட்டியில் இடமாற்றக் கோரிக்கைகள்தான் விழுகின்றன. வேறு வழி உண்டா?

பதில் 1
பெரிய கூட்டத்தை விடுங்கள். ஒரே தரத்தவர் 8 முதல் 10 பேர், மேலதிகாரி இல்லாமல், இரண்டு மணிநேரம் போதும். தொலைநோக்கு வாசகத்தில் தொடங்கவே வேண்டாம். வேலை முடிந்துபோன கோவை (கோப்பு) ஒன்றை மேசையில் வையுங்கள். தபாலில் பதிவான நாள் முதல் பதில் கடிதம் போன நாள் வரை அதில் விழுந்த ஒவ்வொரு ஒப்பத்தையும் (கையெழுத்தையும்) திகதியோடு சுவரில் ஒட்டுங்கள். வேலை நடந்த நேரமும் கோவை சும்மா கிடந்த நேரமும் தனித்தனியே தெரியும். அதன்பிறகு அந்தக் கோவையைக் கையாளும் விடய உத்தியோகத்தர் தானாகவே பேசுவார்.

கணக்காளரும் பிறகு அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும். அரசின் நிதி விதிகளான நிதிப் பிரமாணங்கள் 136 முதல் 139 வரை அதிகாரமளித்தல், அங்கீகாரம், சான்றுப்படுத்தல், கொடுப்பனவு என்று வேலையைப் பிரிக்கின்றன. வேகத்துக்காக அவற்றை ஒரே கையில் சேர்த்தால் கணக்காய்வு வினா வரும். பழக்கத்தால் ஒட்டிக்கொண்ட மற்ற ஒப்பங்களைத்தான் வெட்டலாம்.

பதில் 2
வரைவு சிங்களத்தில் மட்டும் சுற்றினால் தமிழ் உத்தியோகத்தர்கள் ஒப்பமிட்டு அனுப்பிவிடுவார்கள், கருத்து வராது. அச்சுக்குப் போகும்போது மொழிபெயர்ப்பது பங்கேற்பே அல்ல. முதல் வரைவே இரு மொழியிலும் வரட்டும், கருத்துகளைச் சிறு அட்டைகளில் அவரவர் மொழியில் எழுதட்டும். அலுவலக உதவியாளர்களை விட்டுவிடாதீர்கள். கோவை எந்த மேசையில் தேங்குகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. தொழிற்சங்கங்களை எப்போது அழைப்பது?

பதில் 3
வரைவுக்கு முன்பே. முடிந்த திட்டத்தைக் காட்டினால் எதிர்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இருக்காது.

வந்த ஆலோசனைகளை மூன்றாகப் பிரியுங்கள்: திணைக்களத் தலைவரே உத்தரவிடக்கூடியவை, பணம் வேண்டியவை, ஆளணி (பதவிகளின் எண்ணிக்கை) மாற்றம் வேண்டியவை. மூன்றாவது வகை முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் வரை போகும், இழுபடும். அதனால் முதல் வகையில் இரண்டையாவது ஒரு மாதத்துக்குள் செய்து காட்டுங்கள். பணம் வேண்டியவை அடுத்த ஆண்டு வரவு செலவு மதிப்பீட்டில் சேராவிட்டால் ஜனவரியில் வெறும் தாள்தான். நிராகரித்தவற்றுக்கும் காரணம் எழுதி அறிவித்தல் பலகையில் போடுங்கள். பதில் வராத இடத்தில் மறுமுறை யாரும் எழுத மாட்டார்கள்.

பொறுப்பை ஆளின் பெயரில் எழுதாமல் பதவியின் கடமைப் பட்டியலில் சேருங்கள். வருடாந்த இடமாற்றத்தில் ஆள் போனாலும் வேலை அந்த மேசையிலேயே இருக்கும்.