முயல் திரும்பி வரும்வரை

லான்சிங், மிச்சிகனிலிருந்து:

பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை முதல்முறையாக முயல் வேட்டைக்குப் போனேன். எனக்கு வயது 41. ஊரில் இருந்தவரை உண்டிவில்லைக்கூடத் தொட்டதில்லை. புதிதாகப் போக நினைப்பவர்களுக்கு உதவுமே என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கூட்டிப் போனவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் பெரியவர். கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டிவிட்டார். கூட அவருடைய தங்கையும் வந்தார். இருவரும் பள்ளிக்கூட வயதிலிருந்து அப்பாவோடு வேட்டைக்குப் போய்ப் பழகியவர்கள். வீட்டில் மூன்று பீகிள் நாய்கள். அதில் ரோஸி என்கிற மூத்த பெட்டைக்கு ஒன்பது வயது, மூக்குக்கு மேலே நரை விழுந்துவிட்டது.

போன வசந்தத்திலேயே என்னையும் கூட்டிப் போவீர்களா என்று கேட்டேன். முதலில் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டு வா என்றார். மிச்சிகனில் 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டை உரிமம் வாங்க அந்தப் பயிற்சி கட்டாயம். பயிற்சி முடிக்காதவர்கள் உரிமம் உள்ள பெரியவர் ஒருவருடைய துணையோடு போக ஒரு தற்காலிக உரிமமும் இருக்கிறது. ஆனால் அவருக்கு அது பிடிக்கவில்லை. முடித்த பிறகும் நேரே காட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடும் இடத்துக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை போனோம். விசாவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: துப்பாக்கியைக் கையில் எடுக்கும் முன் சட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. நான் பச்சை அட்டை, அதாவது நிரந்தர வசிப்புரிமை, வந்த பிறகுதான் இந்தப் பக்கமே போனேன்.

இங்கே முயல் பருவம் செப்டம்பர் 15-இல் தொடங்கி மார்ச் 31 வரை. ஒரு நாளைக்கு ஒருவர் ஐந்து முயல் வரை எடுக்கலாம். நவம்பர் 15 முதல் 30 வரை மான் வேட்டைக்காரர்கள் துப்பாக்கியோடு காட்டில் இருப்பார்கள். அதெல்லாம் ஓய்ந்த பிறகுதான் பெரியவர் நாய்களை வெளியே எடுப்பார். அதனால்தான் ஜனவரி.

இடம் ஒரு விவசாயியின் நிலம். முன்னமே அனுமதி கேட்டு வைத்திருந்தார்கள், அன்று காலையும் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினோம். குடியிருக்கும் வீடுகளிலிருந்து 450 அடிக்குள் அனுமதியில்லாமல் சுடக்கூடாது என்பது சட்டம். பெரியவர் அதற்கும் மேலேயே தள்ளி நிறுத்தினார். அறுத்து முடித்த சோளக்காடு, அதன் ஓரமாக முள்ளுப் புதர், பழைய ஆப்பிள் மரங்களைக் கழித்துக் குவித்த கிளைக் குவியல்கள். நாலு விரற்கடை பனி, அதுவும் லேசாக இளகியது. அதைப் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்தது. காய்ந்த மாவு மாதிரிப் பனியில் வாடை நிற்காது, ஈரப்பதம் இருந்தால்தான் நாய்க்கு வேலை நடக்கும் என்றார்.

மூன்று பேருக்கும் ஆரஞ்சு நிறத் தொப்பி, ஆரஞ்சு மேலங்கி. எனக்குக் கொடுத்தது நடுவில் மடங்கித் திறக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி, 20 கேஜ் அளவு. தோட்டா ஒன்றே ஒன்று, அதுவும் நிற்கவேண்டிய இடத்தில் போய் நின்ற பிறகுதான் என் கைக்கு வந்தது. வேலி தாண்டும்போது துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டுத் தாண்ட வேண்டும். அன்றைக்கு ஆறு வேலி தாண்டியிருப்போம், ஆறு முறையும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

நம்ம ஊர்ச் சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்தவர்களுக்குப் பீகிள் வேலை செய்வது விநோதமாக இருக்கும். அவை கண்ணால் பார்த்துத் துரத்தி ஓடிப் பிடிக்கிற நாய்கள். பீகிளுக்குக் காலில் வேகம் கிடையாது, இருப்பதெல்லாம் மூக்கில். முயலைக் கண்ணால் பார்க்காமலே அது போன தடத்தைத் தரையில் முகர்ந்து, குரைத்துக்கொண்டே பின்னால் போகும். பிடிப்பது அதன் நோக்கமே இல்லை. முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும் என்பார்களே, ரோஸி புதருக்குள் தலையை நுழைத்ததும் அவள் மூஞ்சியைப் பார்த்து அது எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொண்டேன். வால் சுழல ஆரம்பித்தது. அப்புறம் ஒரு நீண்ட ஊளை. மற்ற இரண்டும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டன.

கிளைக் குவியலிலிருந்து முயல் பாய்ந்ததை நான் பார்த்தேன். பதினைந்து அடிதான் இருக்கும். கை தானாக எழுந்தது. தங்கை மெதுவாகக் குழலின் மேல் கை வைத்துக் கீழே இறக்கினார். "எழும்பும்போது சுடுவதில்லை. நாய்கள் பாடட்டும்" என்றார். பாய்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் திறந்த இடமாகப் பார்த்து என்னை நிறுத்தினார்கள். "அது திரும்பி வரும். நீ நகராமல் இரு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நாய்ச் சத்தம் தூரமாகப் போய், தோப்புக்கு அந்தப் பக்கம் இறங்கி, தேய்ந்தே போய்விட்டது. ஆனால் காட்டன்டெயில் என்கிற இந்த ஊர்க் காட்டு முயலுக்கு உலகமே சில ஏக்கர்தான். தெரிந்த புதர், தெரிந்த சந்து, தெரிந்த மறைவு, அவ்வளவுதான் அதன் எல்லை. துரத்தினால் அதற்குள்ளேயே வட்டமடித்துக் கிளம்பிய இடத்துக்கு வந்துவிடும். நாய்கள் குரைத்துக்கொண்டே வருவதால் முயல் வெகுதூரம் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கும், பதறாமல், நின்று நின்று, திரும்பிப் பார்த்துக்கொண்டு. அதனால் நாய்ச் சத்தம் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் முயல் உன்னைத் தாண்டிப் போயிருக்கும் என்று பெரியவர் முன்னாலேயே சொல்லியிருந்தார்.

பத்து நிமிடம் கழித்து அது வந்தது. பனியில் பழுப்பு நிறம், முள்ளுப் புதரின் ஓரமாக. இருபது கஜம். நின்றது. காது தூக்கியிருந்தது. நான் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்திவிட்டேன். அதன் பின்னால், புதரின் இடுக்கு வழியாக, ஒரு ஆரஞ்சுத் துளி தெரிந்தது. பெரியவர் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த நொடியில் அது நினைவில் இல்லை. நாய்கள் எங்கே என்பதும் தெரியவில்லை. குழலை இறக்கிவிட்டேன். முயல் என்னைப் பார்த்ததா என்றே தெரியாது, இரண்டு தாவலில் மறைந்துவிட்டது.

தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே அவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். அவருடைய இளவயதில் கூட வந்த ஒருவன் சுட்டதில் அவர்கள் வீட்டு நாய் ஒன்று செத்துப்போனதாம். அந்த நாயின் பெயரைச் சொன்னார், வேறு எதுவும் சொல்லவில்லை. பிறகு, "இன்றைக்கு இனிமேல் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அடுத்த வாரமும் நீ வரலாம்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அடுத்து எழும்பிய முயல் ஒரு வட்டம் முழுதாக ஓடி, கிரவுண்ட்ஹாக் என்கிற பிராணி தோண்டிய பழைய வளைக்குள் இறங்கிவிட்டது. இந்த முயல்கள் தாமாக வளை தோண்டுவதில்லை, ஆபத்து வந்தால் கிடைத்ததில் இறங்கிக்கொள்ளும். நாய்கள் வாசலில் நின்று கத்தின. பெரியவர் அவற்றைக் கயிற்றில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். தோண்டுவது கிடையாது. அது ஜெயித்துவிட்டது, அவ்வளவுதான்.

மூன்றாவது முயல் மதியத்துக்குப் பிறகு, வெயில் படும் சரிவில். குளிரான இரவுக்கு அடுத்த நாள் முயல்கள் அந்தப் பக்கம்தான் படுக்கும் என்று தங்கை கைகாட்டினார். நடுவில் நாய்கள் தடத்தை விட்டுவிட்டன. முயல் வந்த வழியே கொஞ்ச தூரம் திரும்பிப் போய்ப் பக்கவாட்டில் தாவியிருக்கிறது. இளசு இரண்டும் கண்டபடி ஓட, ரோஸி மட்டும் தடம் விட்டுப்போன இடத்திலிருந்து சிறு வட்டமாகச் சுற்றித் தேடினாள். அவள் குரல் மறுபடி கேட்டபோது அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த முகங்களை நான் மறக்க மாட்டேன். அந்த முயலைத்தான் சுட்டேன். பின்னால் வெறும் மேட்டுச் சரிவு, நாய்கள் வெகு தூரத்தில், மனிதர்கள் இருவரும் என் முதுகுப் பக்கம். ஒரே குண்டில் விழுந்தது. போய்க் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது, நினைத்ததைவிடக் கனம் குறைவு. சந்தோஷமும் வருத்தமும் ஒன்றாகவே வந்தன. யாரும் கைதட்டவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

உரிக்கும்போது கட்டாயம் கையுறை போடுங்கள். துலரீமியா என்கிற முயல் காய்ச்சல் தோலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகவும் தொற்றும். ஈரலை முதலில் பார்க்க வேண்டும். வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அந்த முயலைச் சமைக்கவே கூடாது. எங்களுடையது சுத்தமாக இருந்தது. தங்கை காது ஓரத்தைக் கிழித்துப் பார்த்து, சுலபமாகக் கிழிகிறது, இளம் முயல் என்றார். காட்டு முயலில் கொழுப்பே இருக்காது. இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, சின்ன வெங்காயம், சோம்பு, நிறைய மிளகு போட்டுக் குக்கரில் நன்றாக வேகவைத்துச் சுருள வதக்கினோம். ஒரு கிண்ணம் பெரியவர் வீட்டுக்கும் போனது.

உங்களில் யாராவது போயிருந்தால் எழுதுங்கள். கூட்டிப் போனவர்கள் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஜீலாங், விக்டோரியாவிலிருந்து:

ஆஸ்திரேலியாவில் எங்கள் பக்கம் கதை வேறு. 1859-இல் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் வின்செல்சியில், பார்வன் பார்க் பண்ணையில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த முயல்களை வேட்டைக்காக விட்டார். 24 முயல் என்பார்கள். அதிலிருந்து கண்டம் முழுக்கப் பரவிவிட்டன. அதனால் இங்கே முயலைத் தீங்குயிராகத்தான் சட்டம் பார்க்கிறது, கட்டுப்படுத்துவது நிலக்காரரின் கடமை.

என்னைக் கூட்டிப் போனது மால்டாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு தாத்தா. அவர்கள் ஊரில் முயல் குழம்புதான் பெருமையான சாப்பாடு, முயலை ஃபெனெக் என்பார்கள். துப்பாக்கியே கிடையாது. ஃபெரெட் என்கிற, கீரி மாதிரி நீளமான பிராணி இரண்டும், ஐம்பது வலையும்தான். இங்குள்ள முயல் வளை தோண்டி வாழ்கிற ஜாதி. வளையின் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சுருக்குப் பை வலையை விரித்து, முளையடித்து, ஃபெரெட்டை உள்ளே விட வேண்டும். அப்புறம் பேச்சு மூச்சு இருக்கக்கூடாது. தரைக்கடியில் திம் திம்மென்று முயல் காலால் உதைக்கிற சத்தம் உள்ளங்காலில் கேட்கும், நம்புங்கள்.

வாய்களைத் தேடி வலை போடுவது என் வேலை. பதினேழு கண்டுபிடித்தேன். பதினெட்டாவது ஒரு புல் குத்துக்குக் கீழே இருந்தது. முதல் முயல் அது வழியாகவே போய்விட்டது, அடுத்ததும் அதே வழி. தாத்தா கோபப்படவில்லை. என்னை மண்டியிட வைத்து, அந்தப் புல்லை விலக்கி, வாயின் ஓரத்து மண் வழவழவென்று தேய்ந்திருப்பதைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அடிக்கடி போய்வரும் வாய் அப்படித்தான் இருக்குமாம். கண்ணால் தேடாதே, கையால் தேடு என்றார். அதற்குப் பிறகு நான் ஒரு வாயைக்கூட விடவில்லை.

அன்று வலையில் விழுந்த ஒன்றுக்குக் கண் வீங்கி மூடியிருந்தது. முயல்களைக் குறைக்க 1950-இல் பரப்பிய மிக்ஸோமா வைரஸ் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. தாத்தா அதன் கழுத்தை ஒரே இழுப்பில் முறித்து வேதனையை முடித்து, தனியாகப் புதைத்தார். தீங்குயிர் என்று சட்டம் சொன்னாலும் அதைத் துடிக்கவிடக்கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார்.

சிவகங்கைச் சீமையிலிருந்து:

அண்ணன்மாரே, நான் வேட்டைக்குப் போனவன் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் முயல் பிடிப்பது குற்றம். எங்கள் பக்கம் சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டை என்று ஊரே கிளம்புகிற வழக்கம் இருந்தது. இப்போதும் ரகசியமாகப் போகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் கூட்டிப் போனவரைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா காலத்து முயல் வலை பரணில் கிடந்தது. சட்டம் வந்தபின் அவர் அதைத் தொட்டதில்லை என்று அப்பா சொல்வார். எனக்குப் பத்து வயதில் தாத்தா, வலை இல்லாமல் கம்பு மட்டும் எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரைக்குக் கூட்டிப் போனார். புழுக்கை உருண்டையாகக் காய்ந்திருந்தால் பழசு, பச்சையாக இருந்தால் நேற்று ராத்திரி. நம்ம ஊர் முயல் வளையில் இருக்காது, புல்லுக்குள் பள்ளமாக அழுத்திப் படுக்கை போட்டிருக்கும். ஒரு படுக்கையில் கைவைத்துப் பார்க்கச் சொன்னார், வெதுவெதுப்பாக இருந்தது. எழுந்து ஓடிய முயலின் பிடரியில் இருந்த கறுப்பை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இன்னும் நாலு அடி தள்ளி, ஆவாரஞ்செடியின் அடியில், கண் திறந்த ஒரு குட்டி அசையாமல் கிடந்தது. நான் குனிந்தேன். தாத்தா கம்பைக் குறுக்கே நீட்டினார். தாய் பகலில் பக்கத்திலேயே வராது, வந்தால் நரிக்கு இடம் காட்டியதாகிவிடும், இருட்டினதும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும் என்றார். அதே தடத்தில் கால் வைத்துப் பின்னால் நடந்து வந்தோம். கரை ஏறும்வரை அவர் கம்பை இறக்கவே இல்லை.