வன்னிக் காட்டில் தேவாங்கும் சருகுமானும்: எங்கே தேடுவது? கொக்குவில், சாவகச்சேரி, பருத்தித்துறை ஊர்க்காரர் மூவரின் குறிப்புகள்

கொக்குவில்:
உயர்ந்த பாலை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் தேவாங்கு அகப்படாது. அதற்குத் தாவ வராது. பிடித்த கொப்பை விடுமுன் அடுத்த கொப்பைப் பற்றியாக வேண்டும். கொப்போடு கொப்பு முட்டி, கொடியும் பின்னிக் கிடக்கிற இடந்தான் அதன் தெரு. வீரை மரங்களின் கீழ்க்கொப்புகளில், ஆள் உயரம் தொடங்கி மூன்றாள் உயரம் வரை தேடுங்கோ. இரவில் ரோச் லைற்றின் வாயில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டி, கன்னத்தோடு சேர்த்துப் பிடியுங்கோ. இடுப்பளவில் பிடித்தால் விலங்கின் கண்ணில் பட்டுத் திரும்பும் ஒளி உங்கள் கண்ணுக்கு வராது. பலர் ஒன்றையும் காணாமல் திரும்புவது இதனால்தான். நெருங்கிய இரண்டு ஒளிப்புள்ளிகள் கொப்பு அசையாமல் மெல்ல நகர்ந்தால் தேவாங்கு. நிலத்தில் ஊசிமுனை அளவில் மின்னுவது சிலந்தி. கண்டதும் வெளிச்சத்தை விலக்குங்கோ. அந்தக் கண் இருட்டுக்கென்றே ஆனது.

சாவகச்சேரி:
அண்ணா சொன்னது மேலே வாழ்வதற்கு. சருகுமானுக்கு நிலந்தான் கணக்கு. நீர்க்கரையை அண்டிய அடர்ந்த பத்தை, தடித்த சருகு, விழுந்து உக்கிய மரம் மூன்றும் சேர்ந்த இடம் பாருங்கோ. குளம்புத் தடம் சுட்டுவிரலின் ஒரு கணு நீளந்தான். பன்றிக்குட்டியின் தடம் அகன்று மழுங்கியிருக்கும். இது ஒடுங்கிக் கூராக இருக்கும். பட்ட மரத்தையும் விழுந்த கட்டையையும் விறகுக்கு இழுத்துவிட்டு, நின்ற மரம் நிற்கிறதுதானே என்பார்கள். மரம் நிற்கும், மறைவிடம் போய்விடும். எனக்கு மனம் பொறுக்காத வேலை இது.

பருத்தித்துறை:
தானியங்கிக் கமெரா கட்டுபவர்கள் சருகுமானுக்கு முழங்காலுக்கும் கீழே, 25 முதல் 30 சென்ரிமீற்றர் உயரத்தில் கட்டுங்கோ. தடத்திலிருந்து இரண்டு மூன்று மீற்றர் தள்ளி, வடக்குப் பார்த்து இருக்கட்டும். கிழக்குப் பார்த்தால் காலை வெயிலே நூற்றுக்கணக்கில் வெறும் படம் எடுக்கும். முன்னால் ஆடுகிற புல்லை மட்டும் வெட்டுங்கோ, சருகைக் கூட்டவேண்டாம். உச்சி வெயிலில் மண்ணும் விலங்கின் உடம்பும் கிட்டத்தட்ட ஒரே சூடு என்பதால், சூட்டு வேறுபாட்டை வைத்தே படம் எடுக்கும் கருவி தவறவிடும். அந்த வெற்றிடத்தை வைத்து விலங்கே இல்லையென்று எழுதாதேங்கோ. வனத் திணைக்கள அனுமதி முதலில். கண்ணிவெடி எச்சரிக்கை மண்டையோட்டுப் பலகை கண்டால் ஓரடியும் உள்ளே வேண்டாம்.

கொக்குவில்:
யாழ்ப்பாணக் குடாநாட்டில் காடு தேடுபவர்களுக்கு ஒரு சொல்: பனையின் காவோலையை முழுக்க இறக்காமல் ஒரு சுற்றாவது விடுங்கோ. வௌவால் பகலிலும் அணில் இரவிலுமாக அதற்குள்தான் முறைவைத்துத் தங்கும்.