‘ஹசார்ட் பெர்செப்ஷன்’: இடர்நோட்டம் எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். வண்டி ஓட்டும்போது உருவாகப்போகும் ஆபத்தை முன்கூட்டியே கண்டுகொள்ளும் திறமையைத்தான் ஆங்கிலத்தில் ‘ஹசார்ட் பெர்செப்ஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘ஆபத்துணர்வு’ போதாதா? எளிமையாகத்தானே இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் ஆபத்துணர்வு என்பது ஆபத்து வந்துவிட்ட பிறகு நெஞ்சு திக்கென்று ஆவது. நாம் தேடும் சொல் அதற்கு மூன்று நான்கு நொடி முன்னால் நடப்பதைச் சொல்ல வேண்டும்.

என் தம்பி மகன் இப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறான். போன வாரம் அவன் வண்டி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து தல்லாகுளம் தாண்டி அழகர்கோவில் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ. இன்னும் கொஞ்சம் தள்ளி, ரோட்டோரத்தில் பையோடு நின்ற ஓர் அம்மா கையைத் தூக்கினார். “ஆட்டோ லெஃப்ட்ல ஒடிக்கும், வேகத்தைக் குறை” என்றேன். “பிரேக் லைட்டே எரியலையே பெரியப்பா” என்றான். சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோ ஒடித்து நின்றது. அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆட்டோவையும் பார்த்தான், அந்த அம்மாவையும் பார்த்தான். இரண்டையும் முடிச்சுப் போடத் தெரியவில்லை. அந்த முடிச்சுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி 16 மீட்டருக்கு மேல் போய்விடும். பிரேக் லைட் எரியட்டும் என்று காத்திருப்பவன் அந்தத் தூரத்தை முதலிலேயே இழந்துவிடுகிறான்.

பிரிட்டனில் 2002 நவம்பரில் இருந்து லைசென்ஸுக்கான தியரி தேர்விலேயே இதைச் சோதிக்கிறார்கள். சாலைக் காட்சிகளைக் காட்டும் 14 காணொளிகள், அவற்றில் 15 இடங்களில் ஏதோ ஒன்று உருவாகி வரும். அது உருவாகத் தொடங்கியதுமே கிளிக் செய்தால் 5 மதிப்பெண், தாமதிக்கத் தாமதிக்கக் குறையும். மொத்தம் 75க்கு 44 எடுத்தால் தேர்ச்சி. கண்மூடித்தனமாகக் கிளிக் செய்துகொண்டே இருந்தால் அந்தக் காணொளிக்குச் சுழியம்தான். நம் ஊரில் எல்.எல்.ஆர். தேர்வில் சாலைக் குறியீடுகளையும் விதிகளையும் கேட்கிறோம், அப்புறம் எட்டுப் போடச் சொல்கிறோம். எட்டுப் போடுவதில் கைப்பக்குவம் தெரியும், இது தெரியாது. இந்தத் திறமைக்குத் தமிழில் ஒரு பெயர் வந்தால்தான் அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணமாவது வரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

> உளவியலில் ‘பெர்செப்ஷன்’ என்பதற்குப் ‘புலக்காட்சி’ இருக்கிறது. ‘இடர்ப் புலக்காட்சி’ என்று அமைக்கலாம்.

துறைக்குள் சரியான சொல்தான் அம்மா. ஆனால் ஓட்டிப் பழகும் பையனிடம் “உனக்குப் புலக்காட்சி போதாது” என்றால் கண் டாக்டரிடம் போகச் சொல்வதாக நினைப்பான். காட்சி தானாக வந்து விழுவது. இங்கே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் பரிந்துரை: இடர்நோட்டம்.

நோட்டம் என்பதில் பார்ப்பதும் எடைபோடுவதும் சேர்ந்தே இருக்கின்றன. காசின் தரத்தைப் பார்த்துச் சொல்பவரை அந்தக் காலத்தில் நோட்டக்காரர் என்றார்கள். “நோட்டம் விடுகிறான்” என்றால் இன்று திருடன் நினைவு வருமே என்று சிலர் தயங்கலாம். அந்தப் பேச்சுவழக்கும் இங்கே எனக்கு உதவியாகவே படுகிறது. இன்னும் நடக்காத ஒன்றை மனத்தில் வைத்துப் பார்ப்பதுதானே அது? வினையாக்குவதும் சுலபம்: நோட்டமிடு, நோட்டம் பார்.

‘இடர்’ பற்றி ஒரு கேள்வி வந்தது. காப்பீட்டிலும் வங்கியிலும் ‘ரிஸ்க்’குக்கு அதைத்தான் போடுகிறார்கள், குழப்பாதா என்று. சாலைப் பாடத்தில் குழப்பாது. ‘ரிஸ்க்’ வரும் இடத்தில் இடர்வாய்ப்பு என்று பிரித்துக்கொள்ளலாம்.

இதோடு வரும் மற்ற சொற்களையும் இப்போதே பார்த்துவிடுவோம். ‘டெவலப்பிங் ஹசார்ட்’ என்பதற்கு மூளும் இடர். தீ மூள்கிறது, சண்டை மூள்கிறது என்கிறோமே, அதே மூளுதல். அந்த ஷேர் ஆட்டோ அப்படித்தான். மேலூர்ப் பக்கம் அறுவடை நாளில் தார் ரோட்டில் காயப்போட்டிருக்கும் நெல்லும் வண்ணம் போன வேகத்தடையும் மூள்வதில்லை. அங்கேயே கிடக்கின்றன, எனவே கிடக்கும் இடர். தூக்கிய கை, நின்ற பஸ்ஸுக்கு அடியில் தெரியும் கால், ஓரமாக நிற்கும் காரின் முன்சக்கரம் லேசாகத் திரும்புவது இவையெல்லாம் இடர்க்குறிகள்.

‘லுக்கிங் அஹெட்’ என்பதில்தான் திணறுகிறேன். 12 நொடி கழித்து நம் வண்டி எங்கே இருக்குமோ அதுவரை கண் போய் வர வேண்டும் என்று பைக் பயிற்சியில் சொல்வார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 200 மீட்டர். தூரப்பார்வை என்றால் கண்ணாடி போடுகிற குறை, தொலைநோக்கு என்றால் திட்ட அறிக்கை. “டயரைப் பாக்காத, எட்டப் பாரு” என்றுதான் தம்பி மகனிடம் சொன்னேன், அவனுக்குப் புரிந்தது. ‘எட்டப்பார்வை’ என்று எழுதலாமா? ‘எட்ட’ உங்கள் ஊரில் ‘தொலைவில்’ என்ற பொருளில் புழங்குகிறதா என்று கொங்கு நாட்டவரும் இலங்கை நண்பர்களும் எழுதுங்கள்.