பக்கவாதம், முட்டி ஆபரேஷன், கை அடி: எக்சர்சைஸ் செஞ்சு தேறினவங்க உங்க அனுபவத்த இங்க சொல்லுங்க, வடசென்னை மக்கள் வாங்க

தண்டையார்பேட்டை மக:

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிக்கினே இருந்தேன். எங்க நைனாவுக்கு போன வருஷம் ஆடி மாசம் பக்கவாதம் வந்துச்சு. ஹார்பர்ல முப்பது வருஷத்துக்கு மேல மூட்டை தூக்கின கை, விடியக்காத்தால டீ கிளாஸ புடிக்க முடியாம நழுவ விட்டுடுச்சு. வலது பக்கம் கை கால் ரெண்டும் போச்சு, வாய் கோணிக்கிச்சு. ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், உயிர காப்பாத்திட்டாங்க, அதுக்கு நான் கும்புடறேன். ஆனா பதினோராம் நாள் டிஸ்சார்ஜ் பண்ணும்போது சீட்டுல கடைசி வரியா "பிசியோ செய்யவும்"னு எழுதி குடுத்தாங்க, அவ்ளோதான். என்ன செய்யணும், எப்படி செய்யணும், எவ்ளோ நாளைக்குன்னு ஒருத்தரும் உட்கார்ந்து சொல்லல.

வீட்டுக்கு வந்ததும் நாங்க என்ன பண்ணோம் தெரியுமா, எல்லாத்தையும் நாங்களே செஞ்சோம். அம்மா சோறு ஊட்டினாங்க, நான் சட்ட மாட்டி விட்டேன், தம்பி குண்டுக்கட்டா தூக்கிக்கினு போய் பாத்ரூம்ல உட்கார வெச்சான். "நீ அசையாத நைனா, படுத்துக்கோ"ன்னு சொல்லிக்கினே இருந்தோம். தெருவுல ஒருத்தர் புறா ரத்தம் தடவுனா நரம்பு முறுக்கேறும்னு சொன்னாரு, அதுவும் தடவுனோம், அதுல மட்டும் மூணு வாரம் போச்சு. அந்த மூணு வாரத்த நெனச்சா இப்பவும் வயிறு எரியுது, ஏன்னா அது எப்பேர்ப்பட்ட நாளுன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

எங்க ஏரியாவுக்கு பிரஷர் மாத்திரை குடுக்க வர்ற மக்களைத் தேடி மருத்துவம் அக்கா இருக்காங்க இல்ல, அவங்கதான் நைனாவ பார்த்துட்டு "இந்த திட்டத்துலயே வீட்டுக்கு வந்து பிசியோ பண்றவங்க இருக்காங்க, நான் எழுதி குடுக்கறேன்"ன்னாங்க. 2021 ஆகஸ்ட்லேர்ந்து இது நடக்குது, எங்களுக்கு மாத்திரை தர்றது மட்டும்தான் தெரியும்.

பிசியோ தம்பி வந்த மொத நாள் நைனாவோட சட்டைய கழட்டி, வலது தோள்பட்ட எலும்புக்கு கீழ என் வெரல எடுத்து வெச்சு அழுத்தினாரு. ரெண்டு வெரல் உள்ள போற அளவுக்கு பள்ளம். "கைய புடிச்சு இழுத்து தூக்கினீங்களா?"ன்னு கேட்டாரு. ஆமா, டெய்லி அப்படித்தான் தூக்கினோம். பக்கவாதத்துல தோள புடிச்சி வெக்கற தசைக்கு பலம் இருக்காதாம், கைய இழுத்தா எலும்பு கிண்ணத்துலேர்ந்து கீழ எறங்கிடுமாம். இடுப்புல கை குடுத்து, அவரையே முன்னாடி சாய வெச்சு எழுப்பணும்னு காட்டிக் குடுத்தாரு. பாசத்துல செஞ்சதுதான் அவர் தோள கழட்டியிருக்குன்னு தெரிஞ்சப்ப நான் கொல்லைல போய் அழுதேன்.

அப்புறம் அவர் கேட்டது, "ஐயாவுக்கு என்ன புடிக்கும்?" நைனாவுக்கு கேரம். ரிட்டயர் ஆனப்புறம் சாயங்காலம் ஆனா கிளப்புலதான் இருப்பாரு. பக்கத்து வீட்டுல கைல வெச்சு அமுக்கற ஸ்மைலி பந்து ஒண்ணு வாங்கி குடுத்திருந்தாங்க, அத அமுக்க சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம்னாரு. வெரலுங்க ஏற்கெனவே உள்ள மடங்கி உள்ளங்கைல நகம் பதியுது, அத இன்னும் மடக்க பழக்கறதுல லாபம் இல்ல, விரிக்கத்தான் பழக்கணும், கேரம் ஸ்ட்ரைக்கர சுண்டும்போது ஆள்காட்டி வெரல் என்ன பண்ணுது, விரியுது, அதுதான் இவருக்கு வேணும்னு சொன்னாரு.

கிளப்புலேர்ந்து பழைய போர்டு ஒண்ணு கொண்டாந்தோம். ஸ்டூல் மேல வெச்சு போரிக் பவுடர் போட்டு நைனாவ சேர்ல நேரா உட்கார வெச்சோம், கால் ரெண்டும் தரைல பதியணும், அது முக்கியம். மொத நாள் வெரல் அசையவே இல்ல. நான் மணிக்கட்டுக்கு கீழ துண்ட சுருட்டி வெச்சு, வெரல பின்னாடி இழுத்து விடுவேன், அவர் முயற்சி பண்ணுவாரு, நெத்தி வேர்க்கும், வெரல் மட்டும் அப்படியே இருக்கும். காலைல அம்பது தடவ, சாயங்காலம் அம்பது தடவ. செத்துப்போன மூளைப்பகுதி திரும்ப வராது, பக்கத்துல இருக்கறது அந்த வேலைய கத்துக்கும், ஆனா திருப்பி திருப்பி செஞ்சாத்தான் கத்துக்கும்னு பிசியோ சொல்லியிருந்தாரு, மொத மூணு மாசம் வேகமா தேறும், அதுக்கப்புறம் மெதுவா தேறும், நிக்காதுன்னும் சொன்னாரு. பத்தொம்பதாம் நாள் ஸ்ட்ரைக்கர் நகர்ந்துச்சு. ஒரு விரக்கடை இருக்கும். பவுடர்ல கோடு விழுந்துச்சு பாருங்க, அத அன்னிக்கு யாரையும் தொடக்க விடல.

கூடவே சேர்லேர்ந்து எழுந்து உட்கார்றது பத்து தடவ மூணு ரவுண்டு, வராத கால் மேல வெயிட் போட்டு நிக்கறது, ரெண்டு கையும் சேர்த்து துண்டால டேபிள தொடைக்கறது, எல்லாம் உண்டு. வாரத்துக்கு ஒரு நாள்தான் அவர் வருவாரு, மீதி ஆறு நாள் நாங்கதான். இப்ப நைனா தடி வெச்சிக்கினு டீக்கட வரைக்கும் போறாரு. கையெழுத்து இன்னும் வரல, காயினும் குழில விழாது. ஆனா லுங்கிய அவரே கட்டறாரு. அதுக்கு ரெண்டு கையும் வேணும், கட்டிப் பார்த்தவங்களுக்கு தெரியும்.

உங்க வீட்டுல நடந்ததையும் எழுதுங்க.

பெரம்பூர் மருமக:

படிச்சு கண்ணு கலங்கிடுச்சு அக்கா. எங்க அத்தைக்கு முட்டி மாத்தற ஆபரேஷன், வலது கால். நாங்களும் பாசத்துல தப்பு பண்ணவங்கதான். வலிக்குதுன்னு முட்டிக்கு கீழ தலகாணி வெச்சிட்டோம், அப்படி வெச்சா சொகமா இருக்கும், அத்தையும் கேட்டு கேட்டு வாங்குவாங்க. பத்து நாள் கழிச்சு பார்த்தா கால் நேராவே நீட்ட வரல, முட்டி லேசா மடங்குன மாதிரியே நின்னுடுச்சு. தலகாணி வெக்கறதா இருந்தா குதிகாலுக்கு கீழதான் வெக்கணும், முட்டி தொங்கி தானா நீளும்னு அப்புறம்தான் சொன்னாங்க. முட்டி மடங்கலன்னா உடனே தெரிஞ்சிடும், நீளலன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க, ஆனா நடக்கும்போது நொண்டறது அதனாலதான்.

நாங்க ஹவுசிங் போர்டுல ரெண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. அதனால பிசியோ மேடம் "அம்மா, உங்க எக்சாம் இந்த படிக்கட்டுதான்"ன்னாங்க. படுக்கைல பாதத்த மேலயும் கீழயும் ஆட்டறது, தொடைய இறுக்கி அஞ்சு எண்றது, கால நேரா தூக்கறது, அப்புறம் குதிகால இழுத்து முட்டிய மடக்கறது. பெட்ஷீட்டுல குதிகால் மாட்டிக்குதுன்னு துணிக்கடை பிளாஸ்டிக் கவர் ஒண்ண கீழ போட்டோம், வழுக்கிக்கினு போச்சு. வலி மாத்திரைய எக்சர்சைஸ் பண்றதுக்கு அரமணி நேரம் முன்னாடி போட்டுட்டு, முடிஞ்சப்புறம் ஐஸ துணில சுத்தி வெப்போம். தையல் பிரிக்கறதுக்குள்ள 90 டிகிரி மடங்கணும்னு டார்கெட், 85 வந்துச்சு, பரவால்லன்னாங்க.

படிக்கட்டுக்கு ஒரே ரூல்: ஏறும்போது நல்ல கால் மொதல்ல, எறங்கும்போது ஆபரேஷன் பண்ண கால் மொதல்ல. செவுத்துல சாக்பீஸ்ல எழுதி வெச்சோம். நாலாவது மாசம் அத்தை தனியா எறங்கி மார்க்கெட் போய் வாளைமீன் வாங்கினு ஏறி வந்தாங்க, நான் ஆபீஸ்ல இருந்தேன், போட்டோ அனுப்புனாங்க.

கொருக்குப்பேட்டை பட்டறை:

எல்லாரும் செய்யாம விட்டத சொல்றீங்க, நான் அதிகமா செஞ்சு கெட்டத சொல்றேன். என் தம்பி ஷீட் கட்டிங்ல நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கை பக்கம் வெட்டிக்கிட்டான், நரம்புன்னு நாம சொல்றோம், அது தசைநாண், வெரல மடக்கற கயிறு. ஸ்டான்லி ஆஸ்பத்திரில தெச்சாங்க. நம்ம ஏரியாவுக்கு அது பெரிய பாக்கியம், மெஷின்ல கை குடுத்தவன் எத்தனையோ பேர் அங்கதான் போறாங்க, டாக்டர் ஆர். வெங்கடசாமி கை ஆபரேஷனுக்குன்னு தனி டிபார்ட்மெண்ட் கட்டி எழுப்புன எடம் அது.

மணிக்கட்டையும் வெரலையும் மடக்குன மாதிரி வெச்சு, கைய தாங்கி புடிக்கற ஸ்பிளின்ட் போட்டு, ஒவ்வொரு மணி நேரமும் பத்து தடவ நல்ல கையால அந்த வெரல மடக்கி விடு, ஸ்பிளின்ட் தொடற வரைக்கும் நீட்டு, அதுக்கு மேல போகாதன்னு சொல்லி அனுப்புனாங்க. அசைக்கலன்னா தெச்ச எடம் சுத்தி இருக்கறதோட ஒட்டிக்கும், வெரல் கட்ட மாதிரி ஆயிடும். வேகமா பலத்த குடுத்தா தையல் அறுந்துடும். ரெண்டுக்கும் நடுவுலதான் அந்த மூணு மாசம். அவனுக்கு மூணாவது வாரம் வலியே இல்ல, வலி இல்லன்னா ஆறிடுச்சுன்னு நெனச்சு ஸ்பிளின்ட கழட்டி வெச்சிட்டு தண்ணி லாரி வந்தப்ப கொடத்த தூக்கிட்டான். டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சாம். திரும்ப ஆபரேஷன், திரும்ப மொதல்லேர்ந்து. ரெண்டாவது தடவ பன்னண்டு வாரம் ஒரு சொம்பு கூட தூக்கல. இப்ப ஸ்பானர் புடிக்கிறான், மோதிர விரல் மட்டும் கடைசி மடிப்பு முழுசா வராது.

வியாசர்பாடி லெஃப்ட் விங்:

எனக்கு ஏசிஎல், அதான் முட்டிக்குள்ள எலும்புங்கள சேர்த்து புடிக்கற தசைநார், கிரவுண்டுல திரும்பும்போது போச்சு. ஆபரேஷன் முடிஞ்சு நாலு மாசத்துல நல்லா ஓடினேன், பசங்க எல்லாம் வாடா மேட்சுக்குன்னாங்க, கோச் விடல. ஒத்தக் கால்ல தாண்டி அளந்து பார்த்தாரு, நல்ல கால் தாண்டற தூரத்துல 90 சதவீதமாவது அடிபட்ட கால் தாண்டணும், ஒம்பது மாசமாவது ஆகணும், ரெண்டும் சேர்ந்தாத்தான் பந்து. அப்ப கோவமா வந்துச்சு. என்கூட அதே ஆபரேஷன் பண்ண பையன் அஞ்சாவது மாசம் ஆடினான், மறுபடி கிழிஞ்சுடுச்சு. நான் பத்தாவது மாசம் எறங்கினேன், இன்னிய வரைக்கும் ஆடறேன்.

திருவொற்றியூர் வாசகி:

என் வீட்டுக்காரருக்கு பக்கவாதம் வந்து எட்டு மாசம் ஆச்சு. வலது மணிக்கட்டும் வெரலும் கொஞ்சம் அசையுது, ஆனா இடது கையிலேயே எல்லாத்தையும் செஞ்சுக்கறாரு. இனிமே ஆரம்பிச்சா பிரயோஜனம் உண்டா? தயவுசெஞ்சு யாராவது சொல்லுங்க.

ராயபுரம் பிசியோ:

உண்டு மேடம், தாராளமா உண்டு. உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்களையே எடுத்து அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணாங்க, எக்சைட்னு பேரு, 2006ல வெளியாச்சு. பக்கவாதம் வந்து 3லேர்ந்து 9 மாசம் ஆன 222 பேர். எட்வர்ட் டாப்னு ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணி கொண்டு வந்த முறை, நல்ல கைக்கு உறை மாட்டி வெச்சு, வராத கையாலேயே ரெண்டு வாரம் முழுக்க வேலை செய்ய விடுவாங்க. அந்த கை தேறினது மட்டுமில்ல, ஒரு வருஷம் கழிச்சு பார்த்தப்பவும் அந்த முன்னேற்றம் போகாம இருந்துச்சு. மணிக்கட்டும் வெரலும் கொஞ்சமாவது விரிஞ்சாத்தான் இது சரிப்படும், அதனால நேர்ல ஒருத்தர் பார்த்து சொல்லட்டும். நடக்கும்போது மட்டும் உறை வேணாம், விழப்போனா புடிக்க அந்த கை வேணும்.

எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். இத படிச்சிட்டு பக்கவாதம் வந்த அன்னிக்கே எழுப்பி நடக்க வெச்சிடாதீங்க. மொத 24 மணி நேரத்துலயே ரொம்ப நேரம் எழுப்பி நடக்க வெச்சவங்க அவ்ளோ நல்லா தேறலன்னு 2104 பேர வெச்சு பண்ண அவெர்ட் ஆய்வு 2015ல சொல்லுச்சு. மொதல்ல கொஞ்ச கொஞ்சமா, அடிக்கடி. எப்ப எவ்ளோன்னு டாக்டர் சொல்லட்டும். எக்சர்சைஸ் பண்ணும்போது நெஞ்சு வலி, மூச்சு முட்டறது, திடீர்னு தலசுத்தல், இல்ல புதுசா கை கால் வீக்காகறதுன்னா உடனே நிறுத்திட்டு 108க்கு போன் பண்ணுங்க. ஆபரேஷன் ஆனவங்களுக்கு ஒரு பக்க கெண்டக்கால் மட்டும் வீங்கி வலிச்சா நீவி விடாதீங்க, ரத்தம் உள்ள கட்டியிருக்கலாம், ஆஸ்பத்திரிக்கு போங்க.

நான் வீடு வீடா போறவன். எங்க யாராவது நல்லா தேறியிருந்தா அங்க ஒரு நோட்டுல கோடு போட்டு வெச்சிருப்பாங்க, இன்னிக்கு எத்தனை தடவ செஞ்சாருன்னு. வாரத்துக்கு ஒரு தடவ நான் வந்து செய்ய வெக்கறதுல பாதிகூட பலன் இல்ல, நான் இல்லாதப்ப அவங்க செய்யறதுலதான் பலன்.

தண்டையார்பேட்டை மக:

ரொம்ப நன்றி பிசியோ அண்ணா. உறை மாட்டறத எங்க நைனாவுக்கும் கேட்டு பார்க்கறேன். நோட்டு எங்க வீட்டுலயும் இருக்கு, கேலண்டர் பின்பக்கத்துல அம்மா கோடு போடறாங்க.

திருவொற்றியூர் அக்கா, உங்க ஏரியாவுல மாத்திரை குடுக்க வர்றவங்ககிட்ட பிசியோ வேணும்னு வாய விட்டு கேளுங்க, கேட்டாத்தான் எழுதுவாங்க. அப்புறம் எங்க வீட்டுல வாக்கர் ஒண்ணு மாடிப்படி கீழ சும்மா நிக்குது, நாலு ரப்பர் புஷ்ஷும் புதுசா மாத்தினது. உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, ஞாயித்துக்கிழம தம்பி வண்டில கொண்டாந்து குடுப்பான்.