ஏடிஎம் கார்டு கணவர் கையில்: குழு உறுப்பினரின் பணத்தைக் காப்பது எப்படி?

குழு_ஊக்குநர்:
எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் ஒருவருடைய பாஸ்புக், கார்டு, வங்கியில் பதிந்த சிம் எல்லாமே வீட்டுக்காரரிடம். பணம் ஏறிய அன்றே எடுத்துவிடுகிறார், கேட்டால் அடி. வேறு வங்கியில் கணக்கு தொடங்கினால் போதுமா?

கணக்குப்பிள்ளை:
போதாது. நூறு நாள் வேலைக் கூலி போன்றவை, கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தாரோ அதில்தான் ஏறும். இணைப்பை மாற்றாவிட்டால் புதுக் கணக்கு காலியாகவே கிடக்கும்.

முதலில் அந்தப் பெண்ணின் பெயரில் புது சிம். பிறகு வேறு வங்கியில் கைரேகை வைத்துக் கணக்கு தொடங்கச் சொல்லுங்கள். அப்போது பழைய எண்ணுக்கு ஓடிபி போகாது. பழைய வங்கியில் போய் எண்ணை மாற்ற வேண்டாம். பல வங்கிகள் பழைய எண்ணுக்கும் குறுஞ்செய்தி அனுப்பிவிடும், அதை முதலில் படிப்பவர் கணவர்தான்! இன்னொன்று: புதுக் கார்டு தபாலில் ஆதார் முகவரிக்கு, அதாவது அதே வீட்டுக்கு வந்து சேரும். கிளையிலேயே வாங்கிக்கொள்வதாகக் கணக்கு தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

தாழ்வாரம்:
மேலே சொன்னது சரி, ஆனால் ஆதார் இணைப்பை மாற்றுவது கடைசி வேலையாக இருக்கட்டும். மாற்றிய மாதம் பழைய கணக்கில் பணம் ஏறாது. அன்றைக்குத்தான் அடி பலமாக விழும். அதற்கு முன்பே பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசி, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையம் அருகில் எது, இரவில் போனால் தங்க இடம் உண்டா என்று கேட்டு வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு நகல்களும் நகை ரசீதும் நம்பகமான ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.

வழக்குமன்றம்:
2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 3-வது பிரிவில் பணத்தைப் பறிப்பதும் வன்முறைதான். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் படிவம் 1-ல் அறிக்கை தயாரிப்பார். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: "அடித்துக் கொடுமைப்படுத்தினார்" என்று எழுதி முடித்துவிடுவார்கள், பணம் பிடுங்கியது பதிவாகாது. எந்தத் தேதி, எவ்வளவு, கார்டிலா கையிலா என்று எழுதச் சொல்லி, வங்கி அறிக்கையையும் சேர்க்க வேண்டும். நீதிமன்ற மனுவில் பிரிவு 20-ன் கீழ் பண நிவாரணம், 18-ன் கீழ் கூட்டுக் கணக்கைக் கையாளத் தடை, 23-ன் கீழ் இடைக்கால உத்தரவு, மூன்றையும் கேளுங்கள். இலவச வழக்கறிஞருக்கு 15100. பெண் என்றாலே தகுதி உண்டு. வருமான வரம்பு கிடையாது.

குழு_ஊக்குநர்:
நன்றி. அவர் குழுவில் வாங்கிய கடன்?

கணக்குப்பிள்ளை:
உள்கடன், அதாவது குழு தன் நிதியிலிருந்தே கொடுத்தது என்றால் தவணையைத் தள்ளிவைக்கக் குழுவே தீர்மானம் போடலாம். வங்கிக் கடன் குழுவின் பெயரில் இருப்பதால் தேதி மாறாது. அந்த மாதத் தவணையைக் குழு நிதியிலிருந்து கட்டிவிட்டு, அவர் பெயரில் உள்கடனாக எழுதிக்கொள்ளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் காரணம் "குடும்பச் சூழல்" என்று மட்டும் இருக்கட்டும். அவருடைய நாத்தனாரும் அதே குழுவில் இருக்கலாம்.