2024 வசூல் கணக்கு: தியேட்டரைக் காப்பாற்றியது பெரிய படமா, சின்னப் படமா?

கணக்கப்பிள்ளை:
2025 புத்தாண்டு வாழ்த்தைச் சொல்லிவிட்டு நேராகச் சண்டைக்கு வருகிறேன். போன வருடம் 240 தமிழ்ப் படங்களுக்கு மேல் வந்திருக்கின்றன. போட்ட காசைத் திரும்ப எடுத்தவை இருபதுகூட இருக்காது என்று பத்திரிகைகளில் அடிபடுகிறது. அந்த எண்ணிக்கை முன்னே பின்னே இருக்கட்டும். ஊரைக் கூட்டி விளம்பரம் செய்து வந்த படங்கள் எப்படிப் போயின? பிப்ரவரியில் லால் சலாம், ஜூலையில் இந்தியன் 2, நவம்பரில் கங்குவா. மூன்றும் படுத்துவிட்டன. வேட்டையன் ரஜினி படத்துக்கு உரிய கூட்டத்தைக் கொண்டுவரவில்லை. அதே வருடத்தில் கருடன், மகாராஜா, டிமான்டி காலனி 2, வாழை, லப்பர் பந்து எல்லாம் சத்தமில்லாமல் வந்து ஓடின. லப்பர் பந்துக்கு நான் முதல் நாள் இரவுக் காட்சிக்குப் போனபோது, எண்ணிப் பார்த்தேன், பதினெட்டுப் பேர். அடுத்த வாரம் தம்பிக்கு அதே தியேட்டரில் டிக்கெட் கிடைக்கவில்லை. ஆகவே, 2024-இல் தியேட்டர்களைக் காப்பாற்றியவர்கள் பெரிய நடிகர்கள் இல்லை. மறுப்பவர்கள் வரலாம்.

ஒன்பதுமணிக்காட்சி:
இதோ வந்துவிட்டேன். விஜய்யின் கோட் 400 கோடியைத் தாண்டியது, அமரன் 300 கோடியைத் தாண்டியது. இந்த இரண்டையும் பட்டியலில் சேர்க்காமலே ஒரு வருடத்துக் கணக்கை எழுதியிருக்கிறீர்கள் சார். நல்ல கணக்கப்பிள்ளை! நீங்கள் சொன்ன ஐந்து படங்களையும் தராசில் ஒரு பக்கம் வையுங்கள், கோட் படத்தை மறுபக்கம் வையுங்கள், எது கீழே இறங்குகிறது என்று பார்ப்போம். தனுஷ் தானே இயக்கி நடித்த ராயன் ஓடவில்லையா? அப்புறம், மகாராஜாவை எந்தக் கணக்கில் சின்னப் படம் என்கிறீர்கள்? அது விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம். ஓடினால் சின்னப் படம், விழுந்தால் பெரிய படம் என்பது என்ன நியாயம்?

ஓடிடி_ஒண்டிவீரன்:
இரண்டு பேரும் சொன்ன படங்கள் அத்தனையையும் வீட்டில் பார்த்துவிட்டேன். தொடருங்கள்.

கணக்கப்பிள்ளை:
மகாராஜாவைப் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். செலவு அளவோடு எடுத்த படம் என்று எழுதியிருக்க வேண்டும்.

400 கோடிக்கு வருகிறேன். தம்பி, போஸ்டரில் போடுவது கிராஸ், அதாவது டிக்கெட் விற்ற மொத்தத் தொகை. 2024-இல் சென்னை மல்டிபிளெக்ஸில் நாம் 190 ரூபாய் கொடுத்து வாங்கிய டிக்கெட்டில் ஜிஎஸ்டி 18 சதவீதம், உள்ளாட்சி கேளிக்கை வரி 8 சதவீதம் போனால் மிஞ்சுவது 150 ரூபாய். அதில் தியேட்டர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். தயாரிப்பாளர் பக்கம் வந்து சேர்வது எண்பது, தொண்ணூறு. கிராஸ் நூறு கோடி என்றால் தயாரிப்பாளர் பக்கம் வரும் ஷேர் நாற்பது சொச்சம், ஏறக்குறைய அவ்வளவுதான். பிறகு படத்தின் செலவோடு ஒப்பிட வேண்டும். செலவுக்கணக்கை யாரும் வெளியே காட்டுவதில்லை. வசூலை மட்டும் மூன்றாம் நாளே கேக் வெட்டி அறிவிக்கிறார்கள். கங்குவா வெளியாகும் முன்பே 2000 கோடி என்று பேச்சு கிளம்பியது நினைவிருக்கிறதா? உருட்டுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

ஒன்பதுமணிக்காட்சி:
ஷேர் கணக்கு எல்லாப் படத்துக்கும் பொதுதானே சார்? வாழைக்கு மட்டும் ஜிஎஸ்டி கிடையாதா?

டெல்டா_டாக்கீஸ்:
இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாயிற்று. டெல்டாவில் ஒரு ஊரில், ஒற்றைத் திரையரங்கைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன். அறுநூறு சீட். நீங்கள் இரண்டு பேரும் தயாரிப்பாளர் கல்லாவையே பார்க்கிறீர்கள். என் கல்லாவிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

பெரிய நடிகர் படத்துக்கு முதல் வாரம் 70, 75 சதவீதம் விநியோகஸ்தருக்குப் போகும். அதுவும் முன்பணம் கட்டினால்தான் படம். மூன்று நாள் ஹவுஸ்ஃபுல் போனாலும் டிக்கெட்டில் எனக்கு நிற்பது கொஞ்சம். கேன்டீனும் சைக்கிள் ஸ்டாண்டும்தான் கை கொடுக்கும். திங்கட்கிழமை கூட்டம் நின்றால் என் நிலைமை பெரிய படம், சின்னப் படம் இரண்டுக்கும் ஒன்றேதான்: ஏசியைப் போடுவதா, ஃபேனோடு ஓட்டுவதா என்ற யோசனை. போன வருடம் ஒரு பெரிய படம். பெயர் வேண்டாம். வியாழன் காலை ஒன்பது மணிக் காட்சிக்கு பேண்டு வாத்தியம், பால், பட்டாசு. அடுத்த செவ்வாய் மதியக் காட்சிக்கு இருபத்துமூன்று பேர். கட்டிய முன்பணத்தில் பாக்கி இன்னும் வரவில்லை. கேட்டால், அடுத்த படத்தில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அடுத்த படம் எடுக்க அவர்கள் இருப்பார்களா என்பது அவர்களுக்கே தெரியாது.

ஆனால் கணக்கப்பிள்ளை அண்ணன் சொல்வதையும் முழுசாக ஏற்க முடியாது. லப்பர் பந்து நன்றாகத்தான் ஓடியது. விஜயகாந்த் பாட்டு வந்த இடத்தில் என் ஆபரேட்டரே விசிலடித்தார். நாற்பது நாள் ஓட்டினேன். அப்படி ஒரு படம் வருவதற்கு முன்னால், பெயர்கூட நினைவில் நிற்காத முப்பது சின்னப் படங்கள் வந்து போயின. அவற்றில் பாதிக்கு மேல் காட்சிக்கு ஐந்து பேர்கூட இல்லாமல் ரத்து செய்தேன். சின்னப் படம் காப்பாற்றியது என்று சொல்லும்போது அந்த முப்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

மதுரைக்காரி:
டெல்டா அண்ணன் சொல்வது நடைமுறை. நான் டிக்கெட் வாங்குகிற ஆள், என் கணக்கையும் கேளுங்கள். வீட்டில் நான்கு பேர். டிக்கெட், பாப்கார்ன், வண்டி நிறுத்தக் காசு எல்லாம் சேர்த்தால் ஆயிரத்து ஐந்நூறைத் தொடுகிறது. மாதத்துக்கு ஒரு படம் என்று வைத்திருக்கிறோம். அந்த ஒன்று எது என்பதுதான் எங்களுக்குப் பெரிய விவாதம். மே மாதம் அரண்மனை 4. சிரிக்காதீர்கள், குழந்தைகளுக்கு லீவு, பேய் வேண்டும் என்றார்கள். தீபாவளிக்கு அமரன், மாமியார்கூட வந்தார், கடைசி அரைமணி நேரம் முந்தானையை கண்ணிலிருந்து எடுக்கவில்லை. ஜூலையில் என்ன நடந்தது தெரியுமா? 12-ஆம் தேதி இந்தியன் 2 தியேட்டருக்கு வந்தது. அதே 12-ஆம் தேதி மகாராஜா நெட்ஃபிளிக்ஸில் வந்தது. வீட்டில் ஓட்டெடுப்பு நடத்தினோம். நான்குக்கு நான்கு மகாராஜா.

நான்கே வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடும் என்று தெரிந்தால், சுமாரான படத்துக்கு யார் கிளம்புவார்கள்? பெரிதா சின்னதா என்று நீங்கள் கேட்கிறீர்கள். காத்திருக்கலாமா கூடாதா என்பதுதான் எங்கள் கேள்வி.

ஓடிடி_ஒண்டிவீரன்:
அக்காவுக்கு ஒரு மாலை போடுங்கள்.

டெல்டா_டாக்கீஸ்:
நீங்கள் போடாதீர்கள் ஐயா, உங்களால்தான் எனக்கு இந்த நிலைமை. ஜூலைக் கடைசியில் தயாரிப்பாளர் சங்கமே பெரிய நடிகர் படம் எட்டு வாரம் கழித்துத்தான் ஓடிடிக்குப் போக வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நவம்பர் 1 முதல் படப்பிடிப்பையே நிறுத்துவோம் என்றும் சொன்னார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வடக்கே எட்டு வார விதியில் அங்கிருக்கும் பெரிய மல்டிபிளெக்ஸ்காரர்கள் பிடிவாதமாக நின்றார்கள், அதனால் கோட் படத்தின் இந்திப் பதிப்புக்கு அந்தத் தியேட்டர்களே கிடைக்கவில்லை. இங்கே நாங்கள் அப்படி நிற்க முடியாது, நின்றால் ஓட்டப் படம் இருக்காது.

ஒன்பதுமணிக்காட்சி:
ஓடிடியைச் சொல்கிறீர்கள், விமர்சனத்தை விட்டுவிட்டீர்கள். கங்குவாவுக்கு முதல் காட்சி முடியும் முன்பே தியேட்டர் வாசலில் மைக்கோடு பத்து யூடியூப்காரர்கள். வெளியே வந்தவரிடம் படம் எப்படி என்று கேட்பதில்லை, எவ்வளவு மோசம் என்றுதான் கேட்கிறார்கள். தயாரிப்பாளர்கள் சும்மாவா அறிக்கை விட்டார்கள்? இந்தியன் 2, வேட்டையன், கங்குவா மூன்றையும் குறிப்பிட்டு, தியேட்டர் வளாகத்துக்குள் இவர்களை விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பாகுபலி அளவுக்கு எடுக்கத் தமிழில் ஆளில்லை என்பதும் நாம்தான், எடுத்தால் முதல் நாளே குழி தோண்டுவதும் நாம்தான்.

கணக்கப்பிள்ளை:
படம் வெளியாகி மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று நீதிமன்றம் வரைக்கும் போனார்களே, சென்னை உயர் நீதிமன்றம் தடை போட மறுத்துவிட்டது. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் தம்பி. அது போகட்டும். கங்குவாவில் இரைச்சல் தாங்கவில்லை என்று சொன்னது யூடியூப்காரர்கள் மட்டுமா? ஆஸ்கர் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியே அதைப் பற்றி எழுதினார். பிறகு படத்தில் பன்னிரண்டு நிமிடத்தை வெட்டினார்கள். இந்தியன் 2-இலும் வெட்டு. விமர்சனம் பொய் என்றால் கத்தரிக்கோலை ஏன் எடுத்தார்கள்?

ஒன்பதுமணிக்காட்சி:
மெய்யழகனிலும்தான் பதினெட்டு நிமிடம் வெட்டினார்கள். அது மோசமான படமா?

கணக்கப்பிள்ளை:
இங்கே மாட்டிவிட்டாய். அந்தப் பதினெட்டு நிமிடத்துக்காக நான் இன்றும் வருத்தப்படுகிறேன். ஜல்லிக்கட்டுக் காளையைப் பற்றிய பேச்சும் சேர்ந்து முழுசாக முதல் நாளே பார்த்தவன் நான்.

மதுரைக்காரி:
மெய்யழகன் தியேட்டரில் சுமாராகப் போய், வீட்டில் எல்லோரும் அழுத படம். அதை எந்தப் பட்டியலில் எழுதுவீர்கள்? எனக்கு விடை தெரியவில்லை. கொட்டுக்காளியும் இருக்கிறது. மே கடைசியில் கருடனில் சூரிக்குக் கூட்டம் அள்ளியது. ஆகஸ்டில் அதே சூரியின் கொட்டுக்காளி, பெர்லின் திரைப்பட விழா வரைக்கும் போய்வந்த படம், வாழையோடு ஒரே நாளில் வந்தது. எங்கள் ஊரில் எத்தனை நாள் ஓடியது என்று பார்ப்பதற்குள் போஸ்டர் மாறிவிட்டது. நடிகருக்காகக் கூட்டம் வருகிறது என்றால் அதற்கும் வந்திருக்க வேண்டும். நல்ல சின்னப் படத்துக்குக் கூட்டம் வரும் என்றாலும் அதற்கு வந்திருக்க வேண்டும். இரண்டு பேர் வாதமும் அந்த இடத்தில் இடிக்கிறது.

கணக்கப்பிள்ளை:
கொட்டுக்காளி பெருங்கூட்டத்துக்கு எடுத்த படம் இல்லை, பின்னணி இசைகூடக் கிடையாது. அதைக் கொண்டுவந்து ஹிட், ஃபிளாப் என்று நிறுப்பது அதற்குச் செய்யும் அநியாயம். ஆனாலும் அக்கா கேள்வி கொஞ்சம் குத்துகிறது.

டெல்டா_டாக்கீஸ்:
எல்லோரும் பெரும்பாலும் மே முதல் வந்த படங்களையே பேசுகிறீர்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான் எதை வைத்து ஓட்டினேன் என்று யாராவது கேட்டீர்களா? பொங்கலுக்கு கேப்டன் மில்லரும் அயலானும் வந்தன. பத்து நாள் கூட்டம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு தேர்தல், ஐபிஎல், பரீட்சை என்று தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். என்னைக் காப்பாற்றியது மஞ்சும்மல் பாய்ஸ். மலையாளப் படம், ஒரு நடிகர் பெயரும் எங்கள் ஊரில் தெரியாது. கொடைக்கானல் குகையும் கண்மணி அன்போடு பாட்டும் போதுமாக இருந்தன. அந்தப் பாட்டு வந்த குணா 1991-இல் எங்கள் ஊரில் எவ்வளவு ஓடியது என்று என் அப்பாவைக் கேட்டேன், சிரித்தார். அடுத்து ஏப்ரலில் கில்லி. இருபது வருடத்துக்கு முந்தைய படம், டிவியில் நூறு தடவை போட்ட படம். சீட்டில் யாரும் உட்காரவில்லை, அப்படிப் போடு பாட்டை மறுபடி போடச் சொல்லித் திரைக்கு முன்னால் வந்துவிட்டார்கள்.

ஆக, வருடத்தின் முதல் நான்கு மாதம் எனக்குச் சோறு போட்டது பக்கத்து மாநிலப் படமும் பழைய படமும். இதை எந்தப் பக்கம் எழுதலாம் சொல்லுங்கள்.

ஒன்பதுமணிக்காட்சி:
கில்லி என் பக்கம். தளபதி விஜய் படம்.

கணக்கப்பிள்ளை:
மஞ்சும்மல் பாய்ஸ் என் பக்கம். கில்லியை வேண்டுமானால் நீயே வைத்துக்கொள். ஆனால் அது வந்த 2004-இல் அதன் செலவு என்ன, இன்றைய படத்தின் செலவு என்ன என்று ஒருநாள் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஒன்பதுமணிக்காட்சி:
பேசலாம். செலவு கூடுவதை நானும் மறுக்கவில்லை. படத்தில் பாதிப் பணம் சம்பளமாகவே போகிறது என்றால் திரையில் என்ன தெரியும்? அதை ரசிகனாக நானே சொல்கிறேன். ஆனாலும் காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறக்க வைப்பவன் ஸ்டார்தான். கேரளாவில் கோட்டுக்கு விடியற்காலை நான்கு மணிக் காட்சி. நம் ஊர்ப் படத்தை நாம் ஐந்து மணிநேரம் கழித்துப் பார்க்கிறோம், அந்தக் கொடுமை தனி. எந்த லப்பர் பந்துக்கு அந்த நேரத்தில் எழுந்து போவீர்கள்?

மதுரைக்காரி:
நான்கு மணிக்கு எழுந்தால் எங்கள் வீட்டில் இட்லிதான் நடக்கும்.

டெல்டா_டாக்கீஸ்:
பழையதைப் பேசினது போதும், எனக்கு இந்த மாதப் பிரச்சினை. பொங்கலுக்கு அஜித்தின் விடாமுயற்சி படம் என்று ஸ்கிரீனை ஒதுக்கி வைத்திருந்தேன். டிசம்பர் 31 ராத்திரி தள்ளிவைத்துவிட்டோம் என்று அறிவிப்பு. இப்போது ஆளாளுக்குப் போன் செய்கிறார்கள். வணங்கான் என்கிறார்கள், கேம் சேஞ்சர் என்கிறார்கள். இதற்கு நடுவில் மத கஜ ராஜா வருகிறதாம். விஷால், சந்தானம், சுந்தர் சி. 2013 பொங்கலுக்கு வரவேண்டிய படம். எடுக்கலாமா?

கணக்கப்பிள்ளை:
அண்ணே, பன்னிரண்டு வருடம் பெட்டிக்குள் கிடந்த படம். அதில் இருக்கும் செல்போனைப் பார்த்தே சிரிப்பார்கள். கையைக் கடிக்கும்.

ஒன்பதுமணிக்காட்சி:
இதில் மட்டும் சாரோடு ஒத்துப்போகிறேன். வேண்டாம்.

மதுரைக்காரி:
சந்தானம் காமெடியனாக இருந்த காலத்துப் படமா? எங்கள் வீட்டில் நான்கு டிக்கெட் உறுதி.

டெல்டா_டாக்கீஸ்:
(இரண்டு வாரம் கழித்து)
அக்கா பேச்சைக் கேட்டு மத கஜ ராஜாவை எடுத்தேன். காணும் பொங்கலுக்கு ஹவுஸ்ஃபுல் போர்டு எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியதாகிவிட்டது. கணக்கப்பிள்ளை அண்ணனும் ஒன்பதுமணித் தம்பியும் இந்தப் பக்கம் வந்தால் வாருங்கள், டீ என் செலவு. டிக்கெட் மட்டும் இப்போதைக்கு இல்லை.